மறைக்கக் கூடாத காயம்

(ஒரு பழைய மாணவி)

நம் பள்ளி ஆண்டு மலருக்கு நோய்த் தடுப்பைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சிஸ்டர் அவர்கள் கேட்டபோது சற்றுத் திகைத்தேன். செவிலியர் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவள் நான். காலரா, மலேரியா, காசநோய் என்று எழுத எத்தனையோ உண்டு. ஆனால் அவற்றைப் பாடப் புத்தகத்திலேயே நீங்கள் படித்து விடுவீர்கள். ஆகையால் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை, இதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் படித்தபோது நானே செய்த ஒரு பெருந்தவற்றை எழுதலாம் என்று எண்ணினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். படிக்கும் தங்கைகளுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்பட்டால் போதும்.

அது 1979-ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. தம்பிக்கு ஏழு வயது. அந்நாளில் சிறு பையன்களும் ஐந்தாம் வகுப்புவரை இங்கே படிக்கலாம். ஆகவே இருவரும் ஒன்றாகவே நடந்து வருவோம். வரும் வழியில் ஓர் அரிசி மில். அதன் மதிலோரம் ஒரு செவலை நாய்க்குட்டி இருந்தது. எங்களைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். எங்கள் டிபன் டப்பாவிலிருந்து அதற்குத் தினமும் ஓர் இட்லி போகும். இது அம்மாவுக்குத் தெரியாது. "தெரு நாயைத் தொட்டீர்களென்று கேள்விப்பட்டால் தோலை உரித்துவிடுவேன்" என்று அம்மா பலமுறை எச்சரித்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை குட்டி ஓடிவரவில்லை. மதிலோரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தது. வாயில் எச்சில் ஒழுகிற்று. பசி போலும் என்று நினைத்து, குனிந்து இட்லியை நீட்டினேன். இட்லியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெடுக்கென்று என் கையைக் கவ்விவிட்டது. தம்பி அலறிக்கொண்டு அதைக் காலால் தள்ளினான். அவன் கெண்டைக்காலிலும் ஒரு கடி விழுந்தது.

பெரிய காயம் ஒன்றுமில்லை. என் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் தடங்கள். தம்பியின் காலில் ஒரு கீறல், அதில் நாலைந்து சொட்டு இரத்தம். தெருக் குழாயில் ஒரு கை நீரள்ளி இரண்டையும் துடைத்தேன். பிறகு தம்பியின் கையில் பத்துப் பைசாவுக்குக் கமர்கட்டு வாங்கிக் கொடுத்து, "அம்மாவிடம் சொன்னாயோ, உன்னோடு நான் பேசவே மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக் கொண்டேன். அவன் சொன்ன சொல்லைக் காப்பவன். வீட்டில் கேட்டபோது "முள் கிழித்துவிட்டது" என்றோம். அம்மா நம்பிவிட்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பார்த்தேன். நாய்க்குட்டி மில்லுக்குப் பக்கத்துச் சாக்கடையோரம் செத்துக் கிடந்தது. சொல்லவே கூசுகிறது. எனக்கு வருத்தத்தைவிட நிம்மதியே மிகுதியாக இருந்தது. இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது, இனி யாருக்கும் தெரியாது என்று மகிழ்ந்தேன். அந்தச் சாவுதான் எங்களுக்கு வந்த எச்சரிக்கை மணி என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளை விஞ்ஞானம். அன்று சிஸ்டர் லூயி பாஸ்டரின் கதையைச் சொன்னார். 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு தாய், வெறிநாய் கடித்த தன் ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு பாரிசுக்கு வருகிறாள். பையன் பெயர் ஜோசப் மைஸ்டர். அதுவரை எந்த மனிதருக்கும் முறையாகப் போட்டுப் பார்த்திராத தடுப்பு மருந்தைப் போடுவதா, வேண்டாமா என்று பாஸ்டர் தவிக்கிறார். போடாவிட்டால் பையனுக்குச் சாவே கதி. பத்து நாள்களில் பதின்மூன்று ஊசிகள் போடப்படுகின்றன. பையன் பிழைத்துக் கொள்கிறான். அதே ஆண்டு அக்டோபரில், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளைக் காப்பதற்காக வெறிநாயோடு போராடிக் கடிபட்ட ஜூப்பீய் என்ற பதினைந்து வயது ஆட்டிடையனும் இவ்வாறே காப்பாற்றப்பட்டான். "இந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது. வருவதற்கு முன்தான் மருந்து" என்று சிஸ்டர் பாடத்தை முடித்தார்.

எனக்குக் கை கால்கள் சில்லிட்டுவிட்டன. என் கையைப் பற்றி நான் நினைக்கவில்லை. கமர்கட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தலையாட்டிய தம்பியின் முகமே கண்முன் வந்தது. ஒன்பது வயதுப் பையனை அவன் தாய் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏழு வயதுப் பையனின் வாயை நான் கமர்கட்டால் அடைத்துவிட்டேன்.

மணி அடித்து எல்லாரும் வெளியே போனபின் சிஸ்டரிடம் சென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "நாய் இப்போது எங்கே?" என்று கேட்டார். "செத்துப் போய்விட்டது, சிஸ்டர்" என்றேன். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "தம்பி எந்த வகுப்பு?" என்று மட்டும் கேட்டார். இருவரையும் குழாயடிக்கு அழைத்துப் போய், சோப்புக் கட்டியை எடுத்து, ஓடும் தண்ணீரில் காயங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான்கு நாள் ஆன காயத்தை இப்போது ஏன் கழுவுகிறார் என்று வியந்தேன். "தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும்" என்றார்.

பள்ளி ஆயா போய்ச் சொல்லி அம்மாவும் ஓடிவந்தார். கூடவே வந்த பக்கத்து வீட்டு அக்கா, "மிளகாயை அரைத்துக் காயத்தில் வைத்துக் கட்டுங்கள். பக்கத்து ஊரில் பார்வை பார்க்கிறவர் இருக்கிறார். வயிற்றில் ஊசி போட்டால் பிள்ளை தாங்குமா?" என்றார். அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கத்தான் செய்யும். ஆனால் பிள்ளைகள் நம்மிடம் இருப்பார்கள். வாருங்கள், நானும் வருகிறேன்" என்றார். ரிக்ஷாவில் நால்வரும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, நாளைக்கு ஒன்றாக, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல். அந்நாளில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்துதான் நம் நாட்டில் போடப்பட்டது. போட்ட இடம் தடித்து வீங்கும். குனியவும் முடியாது, ஓடவும் முடியாது. தம்பி வீட்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் நாளுக்கொரு கோடு போட்டு எண்ணிவந்தான். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அம்மா என்னைப் பார்த்து, "நான் அடிப்பேன் என்று பயந்தா சொல்லாமல் இருந்தாய்?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசற்படி ஏறும்போது, "இனிமேல் சொன்னால் அடிக்கமாட்டேன். சொல்லாவிட்டால்தான் அடிப்பேன்" என்றார். சாகும்வரை அந்தச் சொல்லை அம்மா காப்பாற்றினார்.

நான் செவிலியர் படிப்புக்குப் போனபிறகே, சிஸ்டர் அன்று செய்தவற்றின் காரணங்களை அறிந்து கொண்டேன். வெறிநாயின் எச்சிலில் உள்ள வைரஸ் கிருமி காயத்தின் வழியே உள்ளே நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. மூளையை அடைய பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடும், சிலருக்கு ஓர் ஆண்டும் ஆகலாம். முகத்திலோ தலையிலோ கடித்தால் பயணத் தூரம் குறைவு, ஆபத்து அதிகம். கிருமி வழியில் இருக்கும்போதே தடுப்பூசி போட்டால், அது மூளையைச் சேருமுன் உடல் தன் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டிக்கொள்ளும். மூளையைச் சேர்ந்து நோய்க்குறிகள் தோன்றிவிட்டாலோ ஏறத்தாழ எல்லாரும் இறந்துவிடுகிறார்கள். சோப்பின் வேலையும் இதுதான். இக்கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் சிதைத்துவிடும்.

ஒரு காலத்தில் இந்த ஊசிக்காகத் தென்னாட்டு மக்கள் வடக்கே இமயமலைப் பகுதியிலுள்ள கசௌலி வரை போக வேண்டியிருந்தது. அங்கே 1900-ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1907-இல் நம் நீலகிரியின் குன்னூரில் ஒன்று ஏற்பட்டபின்தான் நமக்கு விடிவு பிறந்தது. ஆட்டு மூளை மருந்தும் 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வயிற்றில் ஊசி கிடையாது, கையில்தான். அரசு மருத்துவமனைகளில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் தோலில் இலவசமாகப் போடுகிறார்கள். சதையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் ஒன்று உண்டு. எந்தத் தவணையையும் விடக்கூடாது. இரத்தம் வரும்படிக் கடித்திருந்தால், காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவை.

இவ்வளவு எளிதாகிவிட்ட பின்னும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அவர்களில் ஒருவனை நானே பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில், என் தம்பியின் வயதொத்த ஒரு பையனை வார்டில் சேர்த்தார்கள். தாகத்தால் தவித்தான். தம்ளரை அருகே கொண்டு போனால் தொண்டை இழுத்துக்கொண்டு அலறினான். நாய் கடித்ததா என்று கேட்டதற்குப் பெற்றோர் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு குட்டி கடித்ததை அவன் கூட விளையாடும் சிறுவனிடம் மட்டும் சொல்லியிருந்தான். மூன்றாம் நாள் அவன் இறந்தான். அன்றிரவு விடுதியில் நான் உறங்கவில்லை.

ஆகவே அன்புத் தங்கைகளே, இவற்றை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, எருக்கம்பால், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிதானே, வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. வீட்டில் நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடுங்கள். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் அந்த ஊரில் நோய் பரவ வழியில்லாமல் போகும் என்கிறார்கள் அறிஞர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் செய்த தவற்றைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் வந்து உண்மையைச் சொன்ன அந்த நேரத்தில் கையை ஓங்காதீர்கள். முதலில் காயத்தைக் கழுவுங்கள். கண்டிப்பதற்கு நாள் இருக்கிறது, கழுவுவதற்கு இல்லை.

என் தம்பி இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டான். சென்ற ஆண்டு அவன் மகளுக்குத் திருமணம் நடந்தது. பந்தலில் என்னைப் பார்த்து, "அக்கா, அந்தக் கமர்கட்டுக்கு நீ இன்னும் எனக்குப் பதினான்கு கமர்கட்டு பாக்கி" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பாஸ்டரின் பாடம் ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் அந்தப் பந்தல் ஏது?

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருத்தி, இதேபோல ஒரு சிறு கீறலைப் பாவாடைக்குள்ளோ கைக்குட்டைக்குள்ளோ மறைத்துக் கொண்டிருக்கலாம். தங்கையே, மாலை வரைகூடக் காத்திராதே. இப்போதே எழுந்து போய் உன் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவிடு.