உயிலை வென்ற கல்யாணப் பத்திரம்

கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும் என்பது வக்கீல் குமாஸ்தா முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் அறிந்த சட்டம். புதுச்சேரியில் நான் நடத்திய ஒரு வழக்கில் அது எடுபடவில்லை.

என் கட்சிக்காரர் பிள்ளையில்லாத விதவை. கணவருக்குக் கருமாதி முடிந்த கையோடு, அவருடைய அண்ணன் மகன், தன் பெயருக்கு அவர் எழுதியிருந்த உயிலைக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் என்னிடம் கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சுப் பத்திரத்தின் நகல். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், கல்யாணத்துக்கு முன் நொத்தேர் என்னும் பத்திர அதிகாரி எழுதிக்கொடுத்தது. தான் சாகும்போது விட்டுப்போகும் சொத்து முழுவதும் மனைவிக்கே என்று மாப்பிள்ளை அதில் ஒப்புக்கொண்டிருந்தார்.

இது எப்படிச் செல்லும்? 1881 செப்டம்பர் 21-இல் பிறந்த பிரெஞ்சு ஆணை ஒன்று, விரும்பும் இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழிவிட்டது. அப்படி வந்தவர்கள் ரெனோன்சான்கள். என் கட்சிக்காரரும் கணவரும் அத்தகைய இந்துக் குடும்பத்தினர். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதும் ரெனோன்சான்களை விலக்கியே வைத்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பத்திரமே போலி என்றார். நொத்தேர் முறையில் கட்சிக்காரர் கைக்கு வருவது நகல்தான். கையெழுத்திட்ட மூலம் நொத்தேரின் கட்டிலேயே தங்கிவிடும். அதை வரவழைத்தோம். நெருக்கமான பிரெஞ்சு வரிகளுக்குக் கீழே, மணப்பெண் எழுத்துக்கூட்டித் தமிழில் போட்ட கையெழுத்து. "நொத்தேர் வாசிச்சாரு, எங்கப்பா ஒவ்வொரு வரியையும் தமிழ்ல சொன்னாரு வக்கீலய்யா" என்று அவர் சொன்னது கூண்டிலும் மாறவில்லை.

அடுத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது. சாவுக்குப் பிறகு பலிக்கும் ஏற்பாடு எதுவானாலும் உயில்தானே, எழுதியவர் மாற்றக்கூடாதா என்றார். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1093, 1083 ஆகிய விதிகளை நீதிபதி முன் வைத்தேன். திருமண ஒப்பந்தத்தில் தந்த இந்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது. உயிரோடு இருக்கும்வரை சொத்து கணவருடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம். சிறு தொகைகள் தவிர, இனாமாக மட்டும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. உயில் என்பதும் இனாம்தான்.

பிள்ளைகள் இருந்திருந்தால் கதை வேறு. அவர்கள் பங்கைத் தொட முடியாது. பிரெஞ்சுச் சட்டத்தின் பழைய விதிப்படி மனைவிக்குக் கால் பங்கு முழு உரிமையாகவும் இன்னொரு கால் பங்கு அனுபவ உரிமையாகவும்தான் கிடைத்திருக்கும். அண்ணன் மகனுக்கோ அப்படிக் கட்டாயப் பங்கு எதுவும் கிடையாது.

வழக்கின் உயிர்நாடி வேறோரிடத்தில் இருந்தது. உயிலோடு, மாந்தோப்பைத் தனக்கு விற்றதாக ஒரு கிரயப் பத்திரத்தையும் அவன் நீட்டினான். விற்பனை என்றால் நாங்கள் தோற்றோம். கிரயத் தொகை "முன்னரே ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். நெல் விற்றது என்றான். பிறகு மாமனார் கொடுத்தது என்றான். மாமனாரைச் சாட்சிக்கு அழைக்கவேயில்லை. அம்மாளின் கணவர் இறக்கும்வரை தோப்புக் குத்தகையை அவரே வாங்கிய ரசீதுகளும் எங்களிடம் இருந்தன. கிரயப் போர்வையில் கொடுத்த இனாம் அது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வீடும் தோப்பும் அம்மாளுக்கே என்று தீர்ப்பானது.

மூன்றாம் மனிதருக்கு விற்ற நஞ்சை ஒன்றும் இருந்தது. அதையும் சேர்த்துக் கேட்கலாமா என்று உறவினர்கள் தூண்டினார்கள். நான் மறுத்தேன். காசு கைமாறிய நேர்மையான விற்பனையை இந்தச் சட்டம் ஒருபோதும் கலைக்காது. அதனாலேயே அதை நான் மதிக்கிறேன். கணவனின் கையைக் கட்டாமலே மனைவியின் கூரையைக் காக்கிறது.

நம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 124-ஆம் பிரிவுப்படி, இனிமேல் வரப்போகும் சொத்தைத் தானம் செய்தால் செல்லாது. உயிலையோ சாகும்வரை மாற்றலாம். ஆகவே இன்று மனைவியின் எதிர்காலத்துக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், ஆயுள்கால அனுபவ உரிமையை உங்களிடம் வைத்துக்கொண்டு, இருக்கிற வீட்டை இப்போதே செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள் என்றே சொல்கிறேன்.