மூன்று மாத விருந்தாளி

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சரி, நாலாம் நாள் என்ன செய்வது? சொல்லவில்லை! அந்தக் காலத்து விருந்தாளி நாலாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். மூன்று மாதம் தங்க வந்தவரை என்ன செய்வது? அதற்குப் பழமொழியே கிடையாது. சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சிதான் விடை கண்டுபிடித்தார்.

சங்கரன்கோவிலை உங்களில் பலர் பொதிகை எக்ஸ்பிரஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். குற்றாலம் போகிற அவசரம்! ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். ஒன்பது நிலைக் கோபுரம். உள்ளே சங்கரநாராயணர். ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள். 'சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா?' என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டை போட, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று காட்டச் சொல்லிக் கோமதி அம்மன் தவம் இருந்ததாகத் தல புராணம். அதற்குத்தான் வருஷா வருஷம் ஆடித் தபசு. பிரசாதம் புற்றுமண். வெளியே வந்தால் மல்லிகைப்பூ வாசனை, விசைத்தறிச் சத்தம், நடுநடுவே பிரியாணி மணம்!

இந்த ஊருக்குத்தான் 2012-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வயது இருபது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற தொண்டு. சம்பளம் கிடையாது. தங்கல் ஆச்சி வீட்டில்.

இப்படிக் கிளம்பி வருவது அவர்கள் பக்கம் புதுசில்லை. அமெரிக்காவில் 'பீஸ் கோர்' என்ற தொண்டர் படை 1961-ல் ஆரம்பித்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா லில்லியன் கார்ட்டர், 1966-ல் அதில் சேர்ந்து பம்பாய் பக்கம் விக்ரோலிக்கு வந்தார். நர்ஸ். அப்போது வயது 68! நம் வீட்டில் 68 வயது அம்மாவைக் காசிக்கு அனுப்பவே நாலு பேரிடம் யோசனை கேட்போம்.

ஆச்சி எனக்கு அம்மா வழியில் தூரத்து உறவு. பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். டெபிட், கிரெடிட் படித்தவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை!

நான் போனபோது, அவள் வந்து இரண்டாவது வாரம். பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

"என்ன குறை?" என்றேன்.

"குறையே இல்லை. அதுதான் குறை" என்றாள்.

சாப்பிட்ட தட்டை எடுத்தால், "நீங்க வையுங்கம்மா, நான் கழுவுதேன்" என்று ஆச்சி பிடுங்கிக்கொள்வார். தெருமுனைக் கடைக்குப் போனாலும் துணைக்கு ஒரு பையன். சொதியும் அவியலுமாகச் சமைத்துப் போட்டு, அவள் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். நெல்லைப் பக்கம் சொதி மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற குழம்பு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? "ராணி மாதிரி ஜெயிலில் இருக்கிறேன்" என்றாள்.

ஆச்சியிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது வேலை குடுங்க ஆச்சி."

"ஏல, வெருந்தாளிய வேல வாங்கவா? ஊரு என்ன பேசும்?"

ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தது. அனுப்பி வைத்த நிறுவனம் ஆச்சிக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தது. "காசுக்குத்தானே வெள்ளக்காரிய வச்சிருக்கா" என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே ஆச்சி உபசாரத்தை இரட்டிப்பாக்கியிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நல்ல வேளை, ஆடித் தபசு வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆச்சிக்கு ஓடி ஓடிக் கால் வலி. கூடை நிறைய மல்லிகை கட்டாமல் கிடக்கிறது. திண்ணையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து ஆச்சி ஒரு சத்தம் போட்டார்.

"ஏட்டி! சும்மாதான இருக்க? இந்தப் பூவக் கட்டு!"

வீடே ஒரு நிமிஷம் அமைதி. ஆச்சியே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் சரம் தூக்கியதும் அத்தனை பூவும் உதிர்ந்தது. ஆச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். சாயங்காலம் என்னிடம், "ஏட்டி என்றால் என்ன?" என்று கேட்டாள்.

"இங்கிலீஷில் வார்த்தை இல்லை. வீட்டுப் பெண்ணை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்" என்றேன். அன்று ராத்திரி பெட்டியைப் பிரித்துவிட்டாள். மூன்று மாதமும் முழுசாக இருந்துவிட்டுத்தான் போனாள்.

காசு விஷயத்தை ஆச்சியிடமே கேட்டேன். "அவுக குடுத்தது அரிசிக்கும் கேஸுக்கும் ஆச்சு. ஏட்டின்னு கூப்புட்டதுக்கு எவன் காசு குடுத்தான்?" என்றார். இந்தக் கணக்கை எந்த பேலன்ஸ் ஷீட்டில் எழுதுவது?

பழைய தமிழில் விருந்து என்றாலே புதுமை என்றுதான் அர்த்தமாம். புதுசு கொஞ்சம் பழசானால்தான் மனுஷன் ஒரு வீட்டில் ஒட்டுவான். சென்னை, பெங்களூர், துபாய் என்று அடுத்தவர் வீட்டில் தங்கப் போகிற தம்பிகளே! 'வாங்க, உட்காருங்க' என்பது மரியாதை. என்றைக்கு உங்களை கேஸ் சிலிண்டர் தூக்கச் சொல்கிறார்களோ, அன்றைக்குத் தைரியமாகத் துணிமணிகளை அலமாரியில் அடுக்கலாம்!