பாலைவனக் கோட்டையில் பொய் விளையாட்டு

ஜெய்சல்மர் நகரிலிருந்து சாம் மணல்மேடுகளை நோக்கி மேற்கே போகிறது சாலை. இருபுறமும் முள்செடிகள், தொலைவில் காற்றாலைகள், எப்போதாவது ஓர் ஒட்டகம். சிறிது நேரத்தில் பாலைவனத்தின் நடுவே மஞ்சள் கல்லில் ஒரு கோட்டை எழுகிறது. கொத்தளங்கள், உப்பரிகைகள், சல்லடை போல் செதுக்கிய கல் ஜன்னல்கள். எந்த ராஜபுத்திர மன்னன் கட்டியது என்று கேட்கத் தோன்றும். எந்த மன்னனும் கட்டவில்லை. சூர்யகர், இந்த நூற்றாண்டில் கட்டப்பட்ட சொகுசு ஹோட்டல். பழமையின் வேஷம் போட்ட புதுமை.

இருபது பிரபலங்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிப் பிழைக்கும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடைத்திருக்காது. 2025 ஜூன் 12 முதல் பிரைம் வீடியோவில் வெளியான ‘தி டிரெய்டர்ஸ்’ நிகழ்ச்சியின் இந்தியப் பதிப்பு இங்கேதான் படமானது. கோட்டையின் தலைவராக, கண்ணைப் பறிக்கும் உடைகளில் வலம் வந்தவர் இயக்குநர் கரண் ஜோஹர்.

விதிகள் எளிமையானவை. எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க, ஜோஹர் ரகசியமாக மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் துரோகிகள். மற்றவர்கள் அப்பாவிகள். யார் யார் என்பது துரோகிகளுக்கு மட்டும் தெரியும். பகலில் எல்லோரும் சேர்ந்து சவால்களில் ஈடுபட்டுப் பரிசுப் பணத்தைப் பெருக்குவார்கள். மாலையில் வட்டமாக அமர்ந்து, சந்தேகத்துக்குரிய ஒருவரை வாக்களித்து வெளியேற்றுவார்கள். வெளியேறுபவர் போகும்போதுதான் தாம் யார் என்று சொல்வார். இரவில் துரோகிகள் கூடி ஓர் அப்பாவியைத் ‘தீர்த்துக் கட்டுவார்கள்’. காலைச் சிற்றுண்டிக்கு யார் வரவில்லையோ அவர் கதை முடிந்தது. கடைசிவரை ஒரு துரோகி மிஞ்சினால் பணம் முழுவதும் அவருக்கு. எல்லாத் துரோகிகளும் பிடிபட்டால் எஞ்சிய அப்பாவிகள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, ராஜா யார், திருடன் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு இந்தியக் குழந்தைகளுக்குப் புதிதல்ல. டிவிக்கு வந்த வடிவத்துக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவர் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய ‘மாஃபியா’ விளையாட்டு, விவரம் தெரிந்த சிறுபான்மைக்கும் விவரம் தெரியாத பெரும்பான்மைக்கும் இடையே நடக்கும் போட்டி. 2021-ல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதே அடிப்படையில் ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்தது. அதற்குத் தூண்டுதல், 1629-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அருகே பவளத் திட்டில் மோதி உடைந்த ‘பட்டாவியா’ என்ற டச்சுக் கப்பலின் கதை. உயிர் தப்பித் தீவுகளில் ஒதுங்கியவர்களில் ஒரு கும்பல் கூடச் சதி செய்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்று குவித்தது. அந்தக் கொடூரம் இன்று மாலை நேரப் பொழுதுபோக்கு. பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்புகள் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸ் கோட்டையில் படமாகின்றன. இந்தியாவுக்கு ஜெய்சல்மர் வாய்த்தது.

ஜெய்சல்மருக்கு வஞ்சனைக் கதைகள் புதிதல்ல. 1156-ல் பட்டி வம்சத்து ராவல் ஜெய்சல், திரிகூட மலைமீது எழுப்பிய கோட்டை இது. 99 கொத்தளங்கள். இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, கடைகள் நடக்கின்றன, சமணக் கோயில்களில் பூஜை நடக்கிறது. இந்தக் கோட்டையை உலகறியச் செய்ததில் சத்யஜித் ராய்க்குப் பெரும் பங்கு உண்டு. 1974-ல் வெளிவந்த அவரது ‘சோனார் கெல்லா’ படத்தின் கதையே ஆள்மாறாட்டம்தான். முன்ஜென்ம நினைவு உள்ள சிறுவனை, டாக்டர் வேஷம் போட்ட ஒரு மோசடிக்காரன் புதையலுக்கு ஆசைப்பட்டுப் பொற்கோட்டைக்கு அழைத்து வருகிறான்.

அதற்கும் முந்தைய கதையை ஊர் மரபு சொல்கிறது. ஜெய்சல்மர் வரலாற்றில் ‘இரண்டரை சாகா’ என்பார்கள். ஆண்கள் சாகும்வரை போரிட, பெண்கள் தீயில் இறங்கிய சம்பவங்கள் இரண்டு. மூன்றாவது பாதியில் நின்றது. 16-ம் நூற்றாண்டின் நடுவில் ராவல் லூணகரண் ஆண்டபோது, அவரிடம் அடைக்கலம் பெற்றிருந்த அமீர் அலி என்ற ஆப்கானியத் தலைவன், தன் பெண்கள் அரண்மனை ராணிகளைப் பார்க்க விரும்புவதாக அனுமதி கேட்டான். வரிசையாகப் பல்லக்குகள் கோட்டைக்குள் நுழைந்தன. திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் பெண்கள் அல்லர், ஆயுதம் தாங்கிய வீரர்கள். தோல்வி நிச்சயம் என்று நினைத்த ராவல், சிதை மூட்டவும் நேரமின்றித் தன் குடும்பத்துப் பெண்களை வாளால் வெட்டினாராம். சிறிது நேரத்தில் உதவிப் படை வந்து எதிரியை முறியடித்தது. போர் வென்றும் வீடு வெறிச்சோடிப் போனது. தவறான ஆளை நம்பியதற்குக் கொடுத்த விலை அது. அவசரப்பட்டு முடிவெடுத்ததற்கும்தான்.

சூர்யகர் மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்கள் செய்த தவறுகளும் இந்த இரண்டு வகைதான். அங்கே வாள் இல்லை, வாக்குச்சீட்டு மட்டும்.

பகல் சவால்களைப் பார்த்துத் துரோகியை அடையாளம் கண்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் பணம் பெருகினால் துரோகிக்கும் லாபமே. எனவே அவனும் வியர்வை சிந்தி உழைக்கிறான். உழைப்பில் வித்தியாசம் தெரியாது. மிஞ்சுவது பேச்சும் முகமும் மட்டுமே. யார் அதிகம் பேசினார், யார் வாய் திறக்கவில்லை, யார் கண் தாழ்ந்தது என்று அற்ப விஷயங்கள் ஆதாரமாகின்றன. நிறையப் பேசினால் திசைதிருப்புகிறார். பேசாவிட்டால் எதையோ மறைக்கிறார். ஒருவர் தொடங்கிய சந்தேகத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, நாலைந்து பேர் சேர்ந்ததும் அது தீர்ப்பாகிவிடுகிறது. கூட்டத்தோடு வாக்களிப்பவர்மீது சந்தேகம் விழாது. தனித்து நிற்பவர்மீது விழும்.

துரோகிகளுக்கு இது வசதி. பல நேரங்களில் அவர்கள் பொய்யே சொல்லவேண்டியதில்லை. அப்பாவிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்போது தலையாட்டினால் போதும். இரவில் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. சரியாகச் சந்தேகிப்பவரைக் கொன்றால், அவர் விரல் நீட்டிய ஆள்மீதே மற்றவர் பார்வை திரும்பும். விட்டுவைத்தால் மேஜையில் ஆபத்து. தவறாகச் சந்தேகிப்பவரை மட்டும் யாரும் தொடுவதில்லை. அவர் துரோகிகளுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர். ஆக, புத்திசாலி என்று பெயர் வாங்குவது இந்தக் கோட்டையில் ஆயுளைக் குறைக்கும்.

துரோகிகளுக்கு இடையிலும் விசுவாசம் கிடையாது. கூட்டாளி மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தால், முந்திக்கொண்டு அவருக்கு எதிராக வாக்களிப்பதே உத்தி. அந்த ஒரு வாக்கில் அப்பாவி என்ற பெயர் பல நாளுக்குக் கிடைத்துவிடும். இந்தியப் பதிப்பில் முதலில் தேர்வான துரோகிகள் தொழிலதிபர் ராஜ் குந்த்ரா, நடிகை எல்நாஸ் நொரூசி, யூடியூப் கலைஞர் பூரவ் ஜா. மூவரில் ஒருவர் கைக்கும் பரிசு எட்டவில்லை.

வெளிநாட்டில் நிலைமை வேறு. 2025 இலையுதிர் காலத்தில் ஒளிபரப்பான பிரிட்டனின் பிரபலங்கள் பதிப்பில் நகைச்சுவையாளர் ஆலன் கார், துரோகியாக இருந்து கடைசிவரை பிடிபடாமல் 87,500 பவுண்டு வென்று அறக்கட்டளைக்குக் கொடுத்தார். ஸ்டீபன் ஃப்ரை போன்ற அறிவாளிகள் அமர்ந்திருந்த மேஜை அது. அவர்கள் முதல் ஐந்து முறையும் வெளியேற்றியது அப்பாவிகளைத்தான். உண்மையைச் சொன்ன நிமிடத்தில் கார் கண்ணீர் விட்டார். நண்பர்களை ஏமாற்றுவது, விளையாட்டாக இருந்தாலும், கனக்கும் போலிருக்கிறது.

சூர்யகரிலிருந்து சற்றுத் தொலைவில் குல்தாரா இருக்கிறது. கூரையில்லாத கல் வீடுகள், நேர்கோட்டில் தெருக்கள், ஒரு கோயில். ஆள் நடமாட்டம் சுற்றுலாப் பயணிகளால் மட்டுமே. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த கிராமம். ஜெய்சல்மர் திவானாக இருந்த சாலிம் சிங் கிராமத்துப் பெண் ஒருத்திமீது கண் வைத்தார், மறுத்தால் வரியால் நசுக்குவேன் என்று மிரட்டினார், சுற்றியிருந்த 84 கிராமத்தாரும் ஒரே இரவில் ஊரைவிட்டு மறைந்தார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. கிணறுகள் வற்றியதும் வரிச்சுமையும் மக்களைச் சிறிது சிறிதாக விரட்டின என்கிறார்கள் ஆய்வாளர்கள். நிலநடுக்கம் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. மயில் உருவங்கள் தாங்கும் மாடத்தோடு சாலிம் சிங்கின் ஹவேலி மட்டும் நகரில் இன்னும் நிற்கிறது.

கதை உண்மையோ இல்லையோ, ஊர் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 84 கிராமங்களில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை, ஒருவர்கூடத் திவானிடம் ஓடவில்லை என்பதுதான் அதன் உயிர். அங்கே ரகசியம் எல்லோருக்கும் கவசமாக இருந்தது. சூர்யகரிலோ ரகசியம் மூன்று பேர் கையில் இருந்த கத்தி. இரண்டு இடங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் மணல்தான்.

இந்தியப் பதிப்பின் இறுதிக்கட்டம் ஜூலை 3-ல் வெளியானது. நடுவில் துரோகியாகச் சேர்க்கப்பட்ட நகைச்சுவையாளர் ஹர்ஷ் குஜ்ரால் கடைசியில் பிடிபட, வென்றவர்கள் இரண்டு பெண்கள்: உர்ஃபி ஜாவேத், நிகிதா லூதர். பரிசு சுமார் 70 லட்சம் ரூபாய். லூதர் தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர். 2018-ல் உலகப் போக்கர் தொடரில் பட்டம் வென்றவர். எதிராளியின் முகத்தைப் படிப்பது அவருக்குப் பிழைப்பு. ஜாவேத், உடைகளுக்காக மட்டுமே செய்திகளில் அடிபட்டவர். அவரை யாரும் பெரிய தந்திரசாலியாக எண்ணியதில்லை. அதுவே அவருக்கு உதவியிருக்கவும் கூடும்.

விளையாட்டு அத்தோடு முடியவில்லை. குஜ்ராலை வெளியேற்றிய கோபத்தில் சமூக ஊடகங்களில் ஜாவேத்துக்கு ஆபாச வசவுகளும் பாலியல் வன்முறை மிரட்டல்களும் குவிந்தன. அவற்றைச் சில நாட்களில் அவரே பகிரங்கமாக வெளியிட்டார். பொய் சொல்லி ஆடியவருக்கு அனுதாபம், பொய்யைக் கண்டுபிடித்தவருக்கு மிரட்டல். கோட்டைக்குள் நடந்ததற்கு விதிகள் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் வேஷம் கலைத்து, ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் கைகுலுக்கினார்கள். வெளியே விரல் நீட்டியவர்களுக்கு எந்த விதியும் இல்லை, அவர்கள் முகத்தைக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை.

ஜெய்சல்மர் கோட்டையைச் சென்ற நூற்றாண்டின் இறுதியில், அழியும் ஆபத்தில் உள்ள உலகச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். முற்றுகையாலோ மணற்புயலாலோ வந்த ஆபத்து அல்ல அது. வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் குழாய் போட்டபின் உள்ளே கசிந்த தண்ணீர், அடித்தளத்து மண்ணை இளக்கியிருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளியிலிருந்து வந்த எதிரிகளைத் தாக்குப்பிடித்த சுவர்கள் அவை. மாலை வெயிலில் இன்றும் பொன்னாகத்தான் மின்னுகின்றன.