சூடேறிய சுவிச்

கண்டியில் ஓடும் காருக்குக் குளிரூட்டி எதற்கு என்று கொழும்பு நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் வாழும் எங்களுக்கு அது வெக்கையைத் தணிக்க மட்டுமன்று, மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரத்தைப் போக்கவும் வேண்டும். கடுகண்ணாவைச் சரிவில் மழை மாலையில் கண்ணாடி மங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த வீதியில் வாகனம் ஓட்டியவர்கள் அறிவர்.

என் கார் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்தது. எண் தகட்டில் இன்னமும் 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. (அந்த ஓர் எழுத்தை முன்னிட்டு 1958இல் இந்நாட்டில் நடந்தவை தனியே எழுதப்பட வேண்டியவை.) 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இத்தகைய கிழட்டு வண்டிகளுக்கு எதிர்பாராத மரியாதை கிடைத்தது. அவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அப்படி ஓட்டி வருகையில், குளிரூட்டியின் விசிறிச் சுவிச் சூடேறத் தொடங்கியது. முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடினால் குமிழில் கை வைக்க முடியாது. பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. பின்னாசனத்தில் பேரப்பிள்ளைகள் இருக்கும்போது அந்த வாடையை அலட்சியம் செய்ய இயலுமா?

முதலில் காட்டிய கராஜில் புதிய சுவிச் ஒன்றைப் பூட்டி, 20 அம்பியர் பியூஸுக்குப் பதிலாக 30 அம்பியர் போட்டுவிடலாம் என்றார்கள். நன்றி கூறி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பியூஸ் என்பது வயரைக் காக்கும் காவலாளி. காவலாளி அடிக்கடி கூச்சலிடுகிறான் என்பதற்காகச் செவிடன் ஒருவனை அவ்விடத்தில் நிறுத்துவது என்ன நியாயம்?

பின்னர் கட்டுகஸ்தோட்டையில் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் சென்றேன். அவர் சுவிச்சைக் கழற்றவேயில்லை. விசிறியை முழு வேகத்தில் விட்டு, சுவிச்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே மீற்றரை வைத்தார். நல்ல சுவிச்சில் அந்த இடத்தில் வோல்ற் ஏறக்குறைய பூச்சியமாக இருக்க வேண்டும். இங்கே ஒன்றரைக்கு மேல் காட்டியது. அடுத்து விசிறி மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தார்: 19 அம்பியர். அதே ரகத்துக் கார் ஒன்று அவரிடம் நின்றது, அதில் 11.

“சேர், சுவிச் பாவம். கள்ளன் மோட்டருக்குள்ள இருக்கான்” என்றார்.

கணக்கு எளிது. சுவிச்சின் உள்ளே உலோகத் துண்டுகள் தொடும் இடத்தில் ஓம் அளவில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும். 15 அம்பியர் பாய்ந்தால் அங்கே 22 வாற்றுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் சிறிய கருவியின் சூடு அது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். குறைந்த வேகங்களில் தடைச்சுருள் ஒன்று குறுக்கே நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது; முழு வேகத்தில் அது விலகிவிடுவதால் முழுச் சுமையும் சுவிச்சின் தலையில் விழுகிறது.

மோட்டரைக் கழற்றியபோது காரணம் கையோடு வந்தது. நான் காரை நிறுத்துவது ஒரு மாரா மரத்தின் கீழ். தமிழ்நாட்டில் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். அதன் சிற்றிலைகள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரங்கள் வழியாக இறங்கி, மழைநீரோடு சேர்ந்து விசிறியைச் சுற்றி மக்கிக் கிடந்தன. தண்டு சுழலும் புஷ் எண்ணெய் வற்றித் துரு ஏறியிருந்தது. கையால் சுழற்றினால் அரைச்சுற்றில் நின்றுவிட்டது.

இலண்டன் வாசகர்களுக்கு வொக்ஸ்ஹோல் சஃபிரா கார் நினைவிருக்கலாம். தொடர்ந்து தீப்பற்றியதால் 2015இல் பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சஃபிராக்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நாடாளுமன்றக் குழுவும் அதனை விசாரித்தது. அங்கும் பேசப்பட்டது இதே பகுதிதான்: விசிறி மோட்டர், அதன் தடைச்சுருள், அதிலுள்ள வெப்பப் பியூஸ். அந்தப் பியூஸை முறையற்று ஒட்டுப்போட்டதே காரணம் என்றது நிறுவனம். மோட்டரில் ஏறிய துருவும் பேசப்பட்டது. எங்கள் கராஜின் 30 அம்பியர் யோசனைக்கு உறவுக்காரர் அங்கும் இருந்திருக்கிறார்.

மோட்டருக்குப் புதிய புஷ் போட்டு, துவாரத்துக்கு மெல்லிய வலையும் அடித்தோம். மின்னோட்டம் 12க்கு இறங்கியது. அதன் பிறகே ரிலே பூட்டினோம். முழு வேகத்துக்கான மின்சாரம் இப்போது பற்றரியிலிருந்து தனிப் பியூஸ் வழியாக ரிலேக்கு வந்து மோட்டருக்குப் போகிறது. சுவிச் ரிலேயை இயக்கும் சொற்ப மின்சாரத்தை மட்டும் சுமக்கிறது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மோட்டரைக் கவனியாமல் ரிலேயை மட்டும் பூட்டினால் சுவிச் குளிர்ந்திருக்கும். வயர் சத்தமின்றிச் சூடேறிக்கொண்டிருக்கும்.

சுவிச்சை நாங்கள் மாற்றவில்லை. முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்ததே போதுமாயிற்று. ஆனால் அதில் செருகும் பிளக்கின் இரு பித்தளைக் கவ்விகள் கறுத்து இளகிப் போயிருந்தன. அவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியன வைத்தோம். பஞ்சிகாவத்தையில் சுவிச் தேடி அலையும் அன்பர்கள், கையோடு அந்தக் கவ்விகளையும் வாங்கி வருவது நல்லது. இளகிய கவ்வியில் செருகினால் புதிய சுவிச்சும் சில மாதங்களில் கருகும்.