நீதி சொல்லாத கதைகள்

கெடா மாநிலத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ்ப்பள்ளிக்கு முன்பே ஒரு பள்ளி இருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மாக்கள் அப்படியே பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகையில் பகலெல்லாம் கதை. மாலையில் லயத்து வாசலில் பாட்டிகளின் கதை. முனியாண்டி சாமி எந்த நிரையில் நிற்கிறார், ஆற்றோரம் ஏன் தனியாகப் போகக்கூடாது, ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது யார் யார் கூட வந்தார்கள், எல்லாம் அங்கே தெரிந்துகொண்டவைதான். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் எங்களுக்கு வாழச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் பாட்டி சொன்னவற்றில் சயாம் ரயில் கதைதான் எனக்குள் ஆழமாக இறங்கியது. ஜப்பானியர்கள் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942இல் ரயில் பாதை போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியாகி, அந்தக் காட்டோடு போனவர்கள் ஏராளம். இந்த விவரமெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "படம் காட்டுறோம், காசு வேணாம்னு சொன்னானுங்க. சனமெல்லாம் போச்சு. எங்க சின்னண்ணன் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. வெளிய லாரி நின்னுச்சாம்." அதற்குமேல் பேசமாட்டார். அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார். அதனால் இதைத் தெரிந்துகொள், இப்படி நடந்துகொள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு நாங்கள் சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகு, ஆயிரம் வெள்ளி போட்டால் மாதாமாதம் பணம் வரும் என்று ஒருவர் வீடு தேடி வந்து பேசினார். நல்ல பேச்சு. அப்பா பேனாவையே எடுத்துவிட்டார். பாட்டி வாதாடவில்லை. "ஏம்ப்பா, படம் காசில்லாமயா காட்டுறான்?" என்று மட்டும் கேட்டார். அப்பா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சுலபமான லாபத்தைப் பற்றிப் பேசினால், "இலவசப் படமா?" என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

அதற்கு நாற்பது வருடங்களுக்கு முந்தைய ஓர் இழப்பு ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றியது. கதைக்கு ஏன் அந்தப் பலம்? புத்தி சொல்லும்போது சொல்பவர் மேலே இருக்கிறார், கேட்பவர் கீழே இருக்கிறார். அதனால்தான் வளர்ந்த மனிதருக்குப் புத்திமதி கசக்கிறது. பாட்டியின் கதையிலோ கெட்டிக்காரர் யாருமே இல்லை. புதுச் சட்டை போட்ட சின்னண்ணன் மட்டும் இருக்கிறார். அவர் இடத்தில் நாமும் அந்தப் படத்துக்குப் போயிருப்போம். அந்த எண்ணம் கேட்பவருக்குத் தானாக வரவேண்டும். யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது வருவதில்லை.

கெடாவின் கள் ஒழிப்பு வரலாற்றைப் பார்க்கும்போதும், கதைக்குத் தனிப் பலம் உண்டு என்ற இதே நினைப்புதான் வருகிறது. தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை வைத்திருந்த காலம் அது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டது. கள்ளுக்கடை மறியல் 1947இல் போலீசோடு மோதலாகி, உயிர்ப்பலியிலும் முடிந்தது. தொழிலாளர்கள் தங்கள் மானத்துக்காகத் தாங்களே எழுந்த அந்த வரலாற்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனாலும் குடி போகவில்லை. 1981இல் லூனாஸில் நச்சுச் சாராயம் பலரைக் கொண்டுபோனது. அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தது, பிறகு மறந்தும் போனது. லூனாஸில் பிறந்த ம. நவீன் அந்தச் சாவுகளைத் தம் 'பேய்ச்சி' நாவலுக்குள் கொண்டுவந்த பிறகுதான், கெடாவைப் பார்த்தேயிராத வாசகர்களும் லூனாஸ் என்ற பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. தடைக்குச் சொன்ன காரணங்கள் வேறு. ஆனால், ஒரு தோட்டத்துக் கதை நாட்டையே தன்னைப் பற்றிப் பேச வைத்துவிட்டது.

கெடாவைச் சேர்ந்த எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலும் இந்த லயத்து வாசல்களிலிருந்து வந்ததுதான். தோட்டத்துச் சனங்கள் பேசுகிற பேச்சே அதன் மொழி. 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கெல்லாம் முன்னால், 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே கதை எழுதக் கற்றுக்கொடுத்து, மலாயாவில் ஓர் எழுத்தாளர் தலைமுறையையே உருவாக்கினார்கள்.

கதை இனத்தையும் பார்ப்பதில்லை. கெடாவில் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ராஜா பெர்சியோங்கைத் தெரியும். கீரைக் குழம்பில் சமையல்காரரின் ரத்தம் தவறி விழ, அந்தச் சுவைக்கு அடிமையாகிக் கோரைப்பல் முளைத்த அரசன். எங்கள் லயத்துத் திண்ணையில் அந்த மலாய் அரசன் மதுரைவீரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அலோர் ஸ்டாரில் பிறந்தவரும் நாட்டின் முதல் பிரதமருமான துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய கதையை வைத்து 1968இல் 'ராஜா பெர்சியோங்' திரைப்படமாகவும் வந்தது. பிரதமராக இருந்தவருக்கும் சொந்த ஊரின் கதையை விட மனமில்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளிகளில் கதை சொல்லும் போட்டி வட்டாரம், மாநிலம் என்று ஆண்டுதோறும் நடக்கிறது. ஆசிரியர்கள் தங்கள் நேரத்தைச் செலவழித்துப் பிள்ளைகளைத் தயார்செய்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மேடையில் என்ன நடக்கிறது? குழந்தை கையை அளந்து வீசுகிறது, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறது, முடிவில் "எனவே மாணவர்களே, இக்கதையின் நீதி யாதெனில்" என்கிறது. அந்த வரி வந்த கணமே கதை செத்துவிடுகிறது. சிங்கமும் முயலும் எந்த ஊரில் இருந்தன என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தன் கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் மரம் வெட்டினார் என்றும் தெரியாது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் இடிந்துவிட்டன, திண்ணை இல்லாத தாமான் வீடுகளில் ஆளுக்கொரு கைப்பேசி. கதை கேட்கும் இடம் போய்விட்டது உண்மைதான். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேலாகிறது.

ஆசிரியர்களே, வரும் ஆண்டு ஒரு பிரிவையாவது மாற்றிப் பாருங்கள். பிள்ளை தன் வீட்டில் கேட்ட கதையை, வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லட்டும். நீதி கேட்காதீர்கள், நீதிக்கு மதிப்பெண் போடாதீர்கள். பெற்றோர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் கொண்டுபோய் உட்காரவையுங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்க மட்டும் சொல்லிக்கொடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.