ஆர்மோனியப் பக்கத்துப் பாய்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து டீக்கடைச் சுவர்களில் வெற்றிடம் இருக்காது. திருமயத்துக்கும் பொன்னமராவதிக்கும் இடையே கிடக்கிற ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாரியம்மனோ அய்யனாரோ உண்டு. ஒவ்வொரு சாமிக்கும் காப்புக் கட்டு, பொங்கல், மது எடுப்பு உண்டு. அதை ஒட்டி ஒரு ராத்திரி நாடகம் உண்டு. ரோஸ் நிற மெல்லிய தாளில் அச்சடித்த நோட்டீஸைப் பசை காயுமுன்னே கூட்டம் கூடிப் படிக்கும். மேலே சாமி பெயர், அடுத்து நாடகத்தின் பெயர், அதற்கும் கீழே நடிகர்களின் படங்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவர்களுடைய ஊர்.

பெரியவர்கள் நாடகத்தின் பெயரில் கண்ணை நிறுத்தவே மாட்டார்கள். பெரும்பாலும் அது 'வள்ளி திருமண'மாகத்தான் இருக்கும். தப்பினால் 'அரிச்சந்திரா', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி'. கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: "வேலன் யாரு, வள்ளி யாரு, நாரதர் யாரு, ஆர்மோனியம் யாரு?" இந்த நான்கு பெயர்களை வைத்துத்தான் எந்த ஊருக்குப் போவது என்று முடிவாகும்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் நடப்பது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி நாடகம் என்றால் ஒரே குழு, ஒரு வாத்தியார், நாள் கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷலில் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் காரைக்குடியிலிருந்து, பபூன் மணப்பாறையிலிருந்து, ஆர்மோனியம் புதுக்கோட்டையிலிருந்து. ஒத்திகை என்பதே கிடையாது. சாயங்கால பஸ்ஸில் பெட்டியோடு இறங்கி, தாங்களே முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டு, அன்றைக்கு ராத்திரி மேடையிலேதான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். விடிய விடிய எட்டு மணி நேரம் அப்படியே நடத்திவிடுவார்கள்.

இது எப்படி முடிகிறது என்றால், எல்லாரும் படித்த பாடம் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன பாடம். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர்; 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தவர்; 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய பாட்டும் வசனமும் நடிகர்களுக்குப் பொதுச் சொத்து. அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு, அன்றைக்கு எதிரில் நிற்கிறவருக்கு ஏற்ப ஆளாளுக்கு விரித்துக்கொண்டு போவார்கள். ஆகையால் ஒரே வள்ளி திருமணம் இரண்டு ஊரில் ஒரே மாதிரி இருந்ததே இல்லை.

எங்கள் வீட்டில் தேர்வுக் கமிட்டி அப்பத்தாதான். எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டீஸை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வள்ளி நல்ல வள்ளிதான்யா. ஆனா அந்த வேலனுக்கு அவகிட்ட பதில் சொல்லத் தெரியாது. வேணாம், விடு" என்று ஒதுக்கிவிடும். தனியாக ஒரு நடிகர் எவ்வளவு பேர் வாங்கியிருந்தாலும் அப்பத்தாவுக்குப் போதாது. ஜோடி பொருந்த வேண்டும். 'கிட்டப்பா, சுந்தராம்பாள் மாதிரி' என்பதுதான் அந்தத் தலைமுறையின் அளவுகோல். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களில் இலங்கையில் முதன்முதலாகச் சேர்ந்து மேடையேறினார்கள். கிட்டப்பாவின் உச்ச சுருதிக்கு எதிரே நின்று பாட ஒரு பெண்ணால் முடியுமா என்றிருந்த பேச்சை அந்த அம்மாள் பாடித்தான் அடக்கினார். கிட்டப்பா 1933இல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். அப்பத்தா அவரை நேரில் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் பார்த்த மாதிரியேதான் பேசும்.

நாடக நடிகர் விஸ்வநாததாஸைப் பற்றியும் அப்பத்தா சொல்லும். வெள்ளைக்காரன் காலத்தில் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே தேசபக்திப் பாட்டுப் பாடி, அதற்காக ஜெயிலுக்குப் போனவர். 1940 கடைசியில் சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது முருகன் வேஷத்திலேயே மேடையில் உயிர் விட்டார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் எனக்கு வேலன் வேஷக்காரர் மேடைக்கு வரும்போதெல்லாம் ஒரு மரியாதை தானாக வரும். இன்றைக்கும் வருகிறது.

ஊரைத் தேர்ந்தாயிற்று என்றால் அடுத்தது இடம். டிக்கெட் கிடையாது. ஊரார் தலைக்கட்டு வரி போட்டு நடத்துவது. யாரும் வந்து உட்காரலாம். அதனால்தான் நல்ல இடத்துக்கு அவ்வளவு போட்டி. எங்கள் ஊரில் நாடகம் நடந்தது கண்மாய்க் கரைக்குக் கீழே மாரியம்மன் கோயில் பொட்டலில். மேடை கீற்றுக் கொட்டகைதான். சிமெண்டு மேடை பின்னால் வந்தது. பொழுது சாயும் முன்பே பிள்ளைகள் நாங்கள் கோரைப்பாய், சாக்கு, பழைய போர்வை என்று எடுத்துக்கொண்டு ஓடுவோம். விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டால் அந்த இடம் அந்த வீட்டுக்குச் சொந்தம். ராத்திரி பத்து மணிக்குக் குடும்பம் வந்து சேரும்வரை அந்தக் கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். பாய்க்குப் பாய் ஒரு சாண் வழி விடுவது வழக்கம். பெரியவர்கள் எழுந்து போய் வர வேண்டுமே.

எங்கே விரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தால் டான்ஸ்காரி ஆடும் புழுதியும் கழுத்து வலியும். முன்வரிசைப் பிள்ளைகள் பபூன் முடிந்ததும் தூங்கிப் போவார்கள், அவர்களைத் தாண்டித்தான் எல்லாரும் நடக்க வேண்டும். மூங்கிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தால் பாட்டுப் புரியாது, காதுதான் வலிக்கும். ட்யூப் லைட்டுக்கு அடியில் பூச்சி. கடைசியில் நின்று பார்க்கிற இளவட்டங்களுக்குப் பக்கத்தில் எந்நேரமும் பேச்சு. ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம் என்று பிரித்து உட்காருவார்கள். நடுவில் கயிறோ வழியோ இருக்கும். அப்பத்தா சொன்ன இடம் இதுதான்: நாலைந்து பாய் தள்ளி, ஆர்மோனியம் இருக்கிற பக்கம்.

மேடையில் ஒரு ஓரம் ஆர்மோனியம், எதிர் ஓரம் மிருதங்கமும் ஆல்ரவுண்ட் என்கிற தாள வாத்தியமும். ஆர்மோனியக்காரர் வெறும் வாத்தியக்காரர் அல்ல, பின்பாட்டும் அவர்தான். ஒத்திகை இல்லாத நாடகத்தைக் கையில் பிடித்து நடத்துகிறவரும் அவர்தான். வேலன் ஒரு விருத்தத்தை எடுக்குமுன் ஒரு கணம் அவர் பக்கம் திரும்புவார். இவர் விரலால் சுருதியைத் தொட்டுக் காட்டுவார். வள்ளி எதிர்பாராமல் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால், வேலன் பதில் தேடுகிற அந்த அரை நிமிஷத்தை ஆர்மோனியம் நிரப்பும். பதில் கிடைத்ததும் வேலன் புருவத்தைத் தூக்குவார், வாசிப்பு சட்டென்று அடங்கும். இந்தக் கண் பேச்சு முழுவதும் ஆர்மோனியப் பக்கத்துப் பாயிலிருந்து தெரியும். மற்ற இடங்களில் பாட்டு கேட்கும், நாடகம் தெரியும், அது உருவாகிற விதம் தெரியாது.

வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கும்போதுதான் உண்மையான ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பத்து மணிக்கு வாத்தியம், பிறகு பபூனின் தனிப் பேச்சு, டான்ஸ்காரியோடு ஆட்டம், சிரிப்பு. கதைக்குள் நுழைய நடுச்சாமம் தாண்டிவிடும். தினைப்புனத்தில் வள்ளி நிற்க, நாரதர் வந்து வம்புக்கு இழுக்க, ஆணுக்குப் பெண் தாழ்வா, இல்லறமா துறவறமா என்று கேள்வி மேல் கேள்வி போகும். புராணத்திலிருந்து, திருக்குறளிலிருந்து, அன்றைய செய்தித்தாளிலிருந்து உதாரணம் வரும். வள்ளியாக வந்த பெண், நாரதரை மூன்று கேள்வியில் மடக்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த குலவையை நான் கேட்டிருக்கிறேன். பகலில் கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள் அவர்கள்.

இடையிடையே அன்பளிப்பு அறிவிப்பு வரும். யாரோ சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட, பாதிப் பாட்டில் நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். பபூன் நேரத்தில் அது நன்றாகவே இருக்கும். 'அரிச்சந்திரா'வின் மயான காண்டத்தில் சந்திரமதி பிள்ளையை மடியில் போட்டு அழும்போது அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது பல ஊர்களில் நாடகம் வைத்த இரவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி வைக்கிறார்கள். நாடகம் வைக்கிற ஊர்களிலும் பாய்க்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதிலொன்றும் குறை இல்லை. கலைஞர்கள் இருக்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று ஊர் ஊராக அவர்களுடைய சங்கங்கள் இருக்கின்றன; மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்துகிறார்கள்.

பங்குனி முதல் ஆடி வரைக்கும் இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு ராத்திரி ஒதுக்கிவையுங்கள். ஜோடி யார் என்று உள்ளூர்க்காரரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். பபூன் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். அன்பளிப்புக் கொடுக்கத் தோன்றினால் வேலனுக்கும் வள்ளிக்கும் மட்டும் கொடுக்காமல் ஆர்மோனியக்காரருக்கும் கொடுங்கள்.