முடக்குவாதமும் மாதாந்திர மருந்துச் சீட்டும்

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. பல் தேய்க்க பிரஷைப் பிடிக்க முடியாது. பால் பாக்கெட்டை வெட்ட முடியாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆன பிறகுதான் கை கொஞ்சம் வழிக்கு வரும். பூ கட்டுகிற, பீடி சுற்றுகிற, தையல் மெஷினில் உட்காருகிற ஒரு பெண்ணுக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வலியோடு சேர்ந்து அன்றைய கூலியும் போய்விடும்.

முடக்குவாதம் என்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பலருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முப்பது நாற்பது வயதிலேயே வரலாம். "இந்த வயசுல என்ன மூட்டுவலி?" என்று வீட்டில் இருப்பவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே பல மாதங்கள் வீணாகிவிடும்.

மருந்து இல்லாத நோய் அல்ல இது. டாக்டர்கள் முதலில் எழுதும் மருந்து பெரும்பாலும் மெதோட்ரெக்ஸேட். 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்க்காக உருவானது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லாப்ரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! முடக்குவாதத்துக்கு இந்த மருந்தை அமெரிக்கா 1988ல் அனுமதித்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. விலையும் பெரிய விலை இல்லை.

அப்படியானால் செலவு எங்கே வருகிறது?

மெதோட்ரெக்ஸேட்டுடன் ஃபோலிக் ஆசிட் வேண்டும். பலருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போன்ற இன்னும் ஒன்றிரண்டு மாத்திரைகள் சேரும். சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதிக்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் மூட்டு வாத நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, கூட வருபவரின் கூலி... எல்லாம் சேர்த்தால் இலவச மாத்திரை இலவசமாக இருப்பதில்லை. ஒரு கட்டத்தில் பக்கத்து மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள். இரண்டே நாளில் வலி குறையும், காசும் குறைவு. டாக்டரைப் பார்க்காமல் வருடக் கணக்கில் தொடர்ந்தால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும், மூட்டு அரிப்பும் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கலாம். மலிவு என்று போனது கடைசியில் எல்லாவற்றையும்விட அதிக விலையாகிவிடுகிறது.

இங்கேதான் ஒரு முரண்பாட்டைப் பார்க்க வேண்டும். 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. டிஸ்சார்ஜ் ஆன பின் 15 நாள் மருந்து வரை பார்த்துக்கொள்ளும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அதில் இடம் உண்டு. செயற்கை மூட்டின் விலைக்கும் மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் மூட்டு கெடாமல் காக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுக்க வீட்டிலிருந்தே சாப்பிடுகிறவருக்கு? மூட்டு பாழான பிறகு மாற்றப் பணம் உண்டு, பாழாகாமல் காக்க இல்லை!

மாத்திரைக்கு அடங்காத நோய்க்கு அடாலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் வருடத்துக்கு 26 ஊசி. 2014 டிசம்பரில் ஓர் இந்திய நிறுவனம் இதன் பயோசிமிலரை, அதாவது அதே போன்ற மாற்று மருந்தை, உலகிலேயே முதலாவதாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. அப்போது அதன் விலை ஊசிக்குச் சுமார் 200 டாலராக, அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. ஆனாலும் கூலிக்குப் போகிறவருக்கு அது எட்டாக் கனிதான்.

விலை இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். அங்கே இந்த ஊசிகள் நோய் மிகத் தீவிரமானவர்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டன. 2018 அக்டோபரில் அடாலிமுமாப் பயோசிமிலர்கள் வந்து விலை சரிந்தது. 2021ல் மிதமான நோய் உள்ளவர்களுக்கும் தரலாம் என்று விதி தளர்ந்தது. நோய் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. விலை மாறியதும் தகுதியும் மாறிவிட்டது.

அதனால் இங்கே கேட்க வேண்டியவை ஒன்றும் ஆகாயத்துக்கு ஏணி அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது. முடக்குவாத மாத்திரையும் அதே பையில் போகலாமே? ரத்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். காப்பீட்டில் புறநோயாளியின் தொடர் மருந்துக்கும் ஊசிக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.

யார் கேட்பது? பேனா பிடிக்கவே விரல் மடங்காதவர்கள் மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்க முடியாது. அக்டோபர் 12 உலக மூட்டுவாத தினம். அன்றைக்கு ஒரு மனுவையாவது, விரல் நன்றாக மடங்குகிறவர்கள் அவர்களுக்காக எழுதிக் கொடுக்கலாம்.